எண்பது ரூபாய்ச் சீர்

பார்சல் வரவில்லை, காகிதம்தான் வந்தது.

வியாழக்கிழமை, ரப்பர் பால் நிறுக்கும் நேரம். ஸ்டோர் வாசலில் வாளிகளோடு வரிசையில் நின்ற பெரியநாயகியைத் தோட்டத்துக் கணக்கெழுதும் சின்னக் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு நீளச் சீட்டை நீட்டினார்.

"ஒங்க அண்ணன் அனுப்புன பார்சலு மலாக்காவுல கெடக்காம். வரி கட்டிட்டு எடுத்துக்கணுமாம்."

"வரியா? எண்பது ரூவா வரைக்கும் வரி கெடையாதுங்களே!"

"அது போன மாசம் லா. இந்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்து சின்னது பெரிசு பேச்சே இல்ல. வெளிநாட்டுலேருந்து என்ன பார்சல் வந்தாலும் வரி. சட்டம் மாறிப்போச்சு."

கப்பல் நாகப்பட்டினத்தில் கிளம்பியபோது ஒரு சட்டம், மலாயாவில் வந்து சேர்ந்தபோது வேறு சட்டம். நடுக்கடலில் கிடக்கிற பார்சலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆனால் அந்த வருஷங்களில் எங்களை யாரும் கேட்டுக்கொண்டு எதையும் மாற்றவில்லை. கேட்காமல்தான் நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுக்காரனுக்குச் சோறு போய்விடும் என்று, பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு உருண்டைச் சோறுகூட எடுத்துப் போகக் கூடாது என்றார்கள். காலையில் வெறுங்கோப்பியைக் குடித்துவிட்டுப் போய் முன்னூறு மரம் வெட்டி, பாலைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்துதான் சாப்பாடு. இதையெல்லாம் தாங்கியவர்களுக்கு ஒரு பார்சல் வரி பெரிய விஷயமா என்றால், பெரிய விஷயம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

லூபோக் சீனாவுக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் ஊர்ப் பார்சலுக்கு ஒரு மரியாதை உண்டு. வந்த பார்சலைப் பிரிக்காமல் தாம்பாளத்தில் வைப்பார்கள். வாத்தியார் சேகரன் வந்து, மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் அனுப்பியவர் எழுதிய விலையை, கல்யாண வீட்டில் மொய் வாசிப்பது போல உரக்க வாசிப்பார். எண்பது ரூபாய் வரைக்கும் வரி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆபீசில் யாரும் பிரித்தும் பார்ப்பதில்லை. பிறகென்ன, எல்லாப் பார்சலும் எண்பது ரூபாய்தான்! காளியம்மாவின் சித்தப்பா இரண்டு துண்டும் ஒரு மரச்சீப்பும் அனுப்பினார். அதற்கும் எண்பது. வாத்தியார் சிரிக்காமல் வாசித்தார், நாங்களும் சிரிக்காமல் கேட்டோம். அது பொய் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அது ஒரு முறை, அவ்வளவுதான்.

பெரியநாயகியின் மகள் ஜானகி பெரியவளாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் விட்டாயிற்று. சடங்கு செய்ய மாமன் சேலை வரவேண்டும். மாமன் கந்தசாமி துறையூர்ப் பக்கம் ஒரு நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறான். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்கு இழுத்துக்கொண்டு போய், பாதி உயிரோடு திரும்பி வந்தவன். சண்டை முடிந்ததும் பெண்டாட்டி பெத்தம்மாளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டான். பெரியநாயகிக்குக் கூடப் பிறந்தவன் என்று அவன் ஒருவன்தான். மாமன் சேலை இல்லாமல் மஞ்சள் தண்ணி ஊற்றினால் பொறந்த வீடே இல்லாதவள் என்று ஆகிவிடும்.

வாத்தியாரைப் பிடித்துக் கடிதம் எழுதச் சொன்னவள் பெரியநாயகிதான். "சீர்ச்சேலை அனுப்பவும். மேலே எண்பது ரூபாய் என்று போடவும், குறைத்துப் போட வேண்டாம்" என்று எழுதச் சொன்னாள். ஏதோ ஒரு சின்னாளப்பட்டிச் சேலை வந்தால்கூடப் போதும் என்பதுதான் அவள் கணக்கு.

சடங்கு ஞாயிற்றுக்கிழமை. ஆட்கள் கூடுவதற்கும், அரை மூட்டை அரிசி கூடுதலாக வாங்குவதற்கும் தோட்டத் துரையிடம் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும், மாலை நாலு மணி வரைக்கும். தேதி தவறினால் மறுபடி துரையிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அவர் கொடுப்பார் என்று என்ன நிச்சயம்?

பெரியநாயகியின் புருஷன் தம்புசாமி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தான்.

"நாளைக்கே போய் எடுத்துட்டு வந்துடு. எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க. முத்தாயியத் தொணைக்குக் கூட்டிட்டுப் போ. வர்ற வழியில சிம்பாங் அம்பாட்டுல எறங்கி, கறிக்கார பாய்கிட்ட ஆட்டுக்குக் காசக் கட்டிடு. ஞாயித்துக்கெழம வெள்ளெனக் கொண்டாந்துடறேன்னு சொல்லியிருக்காரு." இருபது மலாயா வெள்ளியை எண்ணி அவள் முந்தானையில் முடிந்துவிட்டான். "வரி என்னா, ரெண்டு மூணு வெள்ளி இருக்கும். அதத் தனியாத் தாரேன்."

முத்தாயி தம்புசாமியின் தங்கை. அதே லயத்தில் கடைசி வீடு. அவள் வாய்க்குப் பயந்து வேலை வாங்கும் தண்டல்கூட அந்தப் பக்கம் சைக்கிளில் வேகமாகப் போவார். பெரியநாயகிக்கு அவள் துணையாக வருவது பிடிக்கவில்லை. நாத்தனார் முன்னால் பொறந்த வீட்டுச் சீரைப் பிரித்துக் காட்டுவதா!

வெள்ளிக்கிழமை கேட்டில் சோதனை முடிந்து, பஸ்ஸில் உட்கார்ந்ததும் முத்தாயி ஆரம்பித்துவிட்டாள்.

"என்னா அண்ணி, ஒங்க அண்ணன் பட்டே அனுப்பியிருப்பாரோ? ஆபீசுக்காரனே மெரண்டுபோயி வரி போட்டுட்டான் பாரேன்!"

"ஏதோ அவரால முடிஞ்சது அனுப்பியிருப்பாரு."

"முடிஞ்சதத்தான் சொல்றேன். ஒங்க வூட்டு எண்பது ரூவா எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு ஒங்க அண்ணன் எண்பது ரூவாத் துண்டு போட்டாரு. ஒரு தண்ணிக்கே வலையாப் போச்சு, மீன் புடிக்கலாம்."

பெரியநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மழை வரும்போல இருந்தது. சிம்பாங் அம்பாட்டில் பஸ் மாறி மலாக்கா போய்ச் சேரும்போது மணி பத்தரை. சோறு கட்டிக்கொண்டு வர முடியாது என்பதால் கோப்பிக்கடையில் ஆளுக்கொரு ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டு, பார்சல் ஆபீசுக்குப் போனார்கள்.

அங்கே வரிசை வாசல்வரை நின்றது. புதுச் சட்டத்தின் கைவரிசை! ஒரு சீனக் கிழவி மருந்துப் பொட்டலம் ஒன்றுக்காகக் கத்திக்கொண்டிருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் கனகரட்ணம் என்கிற யாழ்ப்பாணத்துக் கிராணி. வெள்ளைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி, நெற்றியில் திருநீறு. காலையிலிருந்து எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன முகம்.

சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பார்சலை எடுத்துவந்தார். மல்லுத் துணியில் வைத்துத் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்த சின்ன மூட்டை.

"எண்பது ரூபாய் எண்டு போட்டிருக்கு. நம்மட காசில அம்பத்தொரு வெள்ளிச் சொச்சம். வரி பன்ரண்டு வெள்ளி எண்பது சென்."

பெரியநாயகி பதறிப்போனாள். "ஐயா, அது சும்மா எழுதுறதுங்கய்யா!"

"சும்மா எழுதுறதோ?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. உள்ள இருக்கிறது பத்து ரூவா பெறுமோ என்னமோ."

"அப்ப எண்பதெண்டு ஏன் போட்டவர்?"

"மரியாதைக்குங்க."

கனகரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் பதிலை அவர் அன்று காலை நாலாவது தடவை கேட்கிறார். "முந்தி நீங்கள் என்ன எழுதினாலும் ஆரும் பாக்கேல்லை, பிள்ளை. இப்ப எழுதின விலைக்குத்தான் வரி. எனக்கு விளங்குது, மேல இருக்கிறவைக்கு விளங்காது. ஒண்டு செய்யலாம். இப்ப உங்களுக்கு முன்னால பிரிப்பம். சாமான் விலை குறைஞ்சதெண்டால் நான் குறைச்சு எழுதித் தாறன். சரியோ?"

பெரியநாயகி திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். முத்தாயி கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சர்க்கஸ் பார்க்க வந்தவள் மாதிரி நின்றாள். "பிரிங்க சாமி, பிரிங்க. நாங்களும் பாக்கறோம்."

வேறு வழியில்லை. "பிரிங்கய்யா," என்றாள் பெரியநாயகி.

கத்தரிக்கோல் தையலை ஒவ்வொன்றாக வெட்டியது. முதலில் காய்ந்த வேப்பிலை உதிர்ந்தது. பிறகு மஞ்சள், குங்குமப் பொட்டலம். அதற்கடியில், மாம்பழ நிறத்தில் மயில்கழுத்துக் கரை போட்ட பட்டுச்சேலை.

முத்தாயி முழங்கையை எடுத்துக்கொண்டாள். "ஆத்தாடி!"

பெரியநாயகி சேலையைத் தொடவில்லை. அவளுக்கு அதைத் தெரியும். சண்டைக்கு முந்தின வருஷம், கந்தசாமி இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மலாக்கா தெங்கேராவில் ஒரு ஜவுளிக்கடையில் எடுத்த கூறைச்சேலை அது. அதைக் கட்டிக்கொண்டு பெத்தம்மாள் மணையில் உட்கார்ந்திருக்க, அண்ணன் தாலியில் ஒரு முடிச்சுப் போட, மீதி இரண்டு முடிச்சையும் பின்னால் நின்று போட்டவள் பெரியநாயகி. ஜப்பான்காரன் காலத்தில் சணல் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனபோதுகூட பெத்தம்மாள் அந்தச் சேலையை அரிசிக்கு விற்கவில்லை. மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருந்தது. முந்தானை ஓரத்தில் ஒரு கிழிசலை அதே நிற நூலால் இழையோடித் தைத்திருந்தார்கள்.

"ஒரு கடுதாசியும் கிடக்கு," என்றார் கனகரட்ணம். "பார்சலுக்குள்ள கடுதாசி வைக்கப்படாது. சரி, வச்சிட்டினம். வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியாதுங்க. ஐயா வாசிச்சிருங்க."

காலண்டர்த் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. கனகரட்ணம் குரலைத் தாழ்த்தி வாசித்தார்.

"தங்கச்சி பெரியநாயகிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. எண்பது ரூபாய் என்று போடவும், குறைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மருமகள் சீர் எண்பது ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உன் புருஷன் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். நியாயம்தான். புதுசு எடுத்தால் என்னால் பன்னிரண்டு ரூபாய்க்குத்தான் எடுக்க முடியும். பன்னிரண்டு ரூபாய்ச் சேலைக்கு எண்பது என்று எழுதக் கை வரவில்லை. நீ தலை குனியக் கூடாது என்று உன் அண்ணி இதை எடுத்துக் கொடுத்தாள். வாங்கின விலையே எண்பதுக்கு மேல். அதனால் பொய் எழுதவில்லை. குழந்தையை ஆசீர்வாதம் பண்ணினோம் என்று சொல்லவும்."

வரிசையில் பின்னால் நின்ற ஆள் என்னவோ முணுமுணுத்தான். கனகரட்ணம் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினான்.

பெரியநாயகி கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐயோ அண்ணே," என்றாள். "நான் அப்படியா சொன்னேன்? எல்லாரும் எழுதுறதுதானே... பாவி, நான் அப்படியா சொன்னேன்!"

முத்தாயி எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கனகரட்ணம் மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, அழாதேங்கோ. உங்களுக்கு இது நல்லதாப் போச்சு. பாவிச்ச பழைய உடுப்புக்கு வரியில்லை. இந்தத் தாளில 'பழைய உடுப்பு' எண்டு நான் எழுதிறன், நீங்கள் கைநாட்டு வையுங்கோ. ஒரு சதமும் கட்டாமல் கொண்டு போங்கோ."

"பழசுன்னா, எண்பது ரூவாங்கிறது என்னாங்கய்யா ஆகும்?"

"அதை வெட்டிப்போட்டு, விலை இல்லை எண்டு எழுதவேணும்."

"அப்ப எங்க அண்ணன் எழுதுனது பொய்யின்னு ஆயிரும்."

"ஐயோ பிள்ளை, இது ஆபீஸ் காயிதம். இதை ஆர் பாக்கப் போறது?"

"லயத்துல சீட்டு வாசிப்பாங்கய்யா. வெட்டுன சீட்ட எப்படி வாசிக்கிறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாசிக்கலன்னாலும் சரி. பொய் எழுதச் சொன்னவ நானு. அவரு எழுத மாட்டேன்னு, கட்டுன பொண்டாட்டி கூறையத் தூக்கிக் குடுத்திருக்காரு. அதப் போயி வெல இல்லன்னு நான் கைநாட்டு வச்சா, என் கை வெளங்குமா? எண்பதுன்னே இருக்கட்டும். கட்டுறேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அப்போதுதான் முத்தாயிக்கு வாய் வந்தது.

"அண்ணி, அது கறிக்காசு!"

"தெரியும்."

"கறி இல்லாம சடங்கா? லயமே காறித் துப்பும். அண்ணன் என்னா சொல்லும்?"

"என்னத் துப்பட்டும் முத்தாயி. நான் இங்கதான இருக்கேன், தொடச்சுக்குவேன்."

கனகரட்ணம் மேலும் ஒரு நிமிஷம் பேனாவைத் திறக்காமல் வைத்திருந்தார். அவள் மாறப்போவதில்லை என்று தெரிந்தபிறகு ரசீது எழுதினார். சேலையைத் தானே மடித்து, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் ஒரு விரல் தள்ளி மடித்து, துணியில் சுற்றிக் கொடுத்தார். "பழைய மடிப்பில பட்டு வெட்டும். என்ர மனுசி சொல்லுவா," என்றார்.

திரும்பும் வழியில் ஓரிடத்தில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியது. துணிகூடக் காட்டுக்குப் போகிறது என்று சந்தேகப்படுகிற காலம். ஒரு மலாய்க்காரப் பையன் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, சேலையைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மலாயில் "பாகுஸ்", அருமை, என்றான். ரசீதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். சிம்பாங் அம்பாட்டில் பெரியநாயகி கறிக்கார பாயிடம் போய், ஆடு வேண்டாம் என்று சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை. மீதிக் காசில் இரண்டு பூசணிக்காயும் கத்தரிக்காயும் வாங்கி, ஆளுக்கொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

தம்புசாமி குதித்தான். "பன்னெண்டு வெள்ளியா! ஒரு வாரச் சம்பளத்துல பாதிக்கு மேல! வரி வேணாம்னு கெஞ்சிப் பாக்கலியா? எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

பெரியநாயகி வாயைத் திறக்குமுன் முத்தாயி நடுவில் வந்தாள்.

"நான்தான் கட்டச் சொன்னேன், என்னாங்கிற? பட்டுச்சேலைக்கு வரி போடாம பூச்சரமா போடுவான்? ஒன் மச்சான் பட்டு அனுப்பியிருக்காரு, நீ பூசணிக்காய்க்கு அழுவுற!"

தங்கை சத்தம் போட்டால் தம்புசாமி அடங்கிவிடுவான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் பந்தல். சேகரன் வாத்தியார் சீட்டை எடுத்து, "தாய்மாமன் கந்தசாமி, பட்டுச்சேலை ஒண்ணு, எண்பது ரூபாய்" என்று வாசித்தார். வழக்கம்போல யாரும் சிரிக்கவில்லை. ஆனால் துணியை விலக்கி மாம்பழப் பட்டு வெளியே வந்ததும் பந்தலே வாயைப் பிளந்தது. ஜானகி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு அழகு.

நலுங்கு வைக்க வந்த காளியம்மா, சந்தனம் தடவும் சாக்கில் முந்தானையை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். "ஏக்கா, புதுப்பட்டுன்னா மொடமொடன்னு இருக்கும். இது என்னா இம்புட்டு மெத்துனு இருக்கு? இங்க தையல் போட்டாப்புல வேற..."

பெரியநாயகி ஜானகியின் முந்தானையை இழுத்து மடித்துவிட்டாள்.

"ஏன்டி காளியம்மா," என்றாள் முத்தாயி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "ஒங்க சித்தப்பன் அனுப்புன மரச்சீப்பு மொடமொடன்னு இருந்துச்சா? பட்டு எப்படி இருக்கும்னு கட்டுனவளுக்குத் தெரியும், நிமிண்டுறவளுக்கு என்னா தெரியும்? பழந்துணிக்குச் சர்க்காரு வரி போடறதில்ல. தெரியுமா ஒனக்கு? இதுக்குப் பன்னெண்டு வெள்ளி எண்பது காசு போட்டிருக்கான். ரசீது இருக்கு. வாத்தியார வாசிக்கச் சொல்லவா?"

காளியம்மா சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

பந்தியில் முணுமுணுப்பு வந்தது. வரும் என்று தெரிந்ததுதான். "பட்டு மாமன் வூட்டுது, பூசணிக்காய் அப்பன் வூட்டுதாக்கும்," என்று ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன், பெரியநாயகி கறிக்காசை அமுக்கிவிட்டாள் என்றான். தம்புசாமி தலையைக் குனிந்துகொண்டே சாம்பார் ஊற்றினான். பெரியநாயகி ஒவ்வொரு இலையாக வந்து, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று சிரித்த முகமாகப் பரிமாறினாள். கடைசி இலைக்கும் போட்டு முடித்துவிட்டு, வாளியைக் கீழே வைத்துவிட்டு, லயத்துப் பின்பக்கம் குழாயடிக்குப் போய் உட்கார்ந்து அழுதாள்.

முத்தாயி தேடிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணி, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"ஒன்னோட கூறை பொட்டியில இருக்கே. என் மவளுக்குச் சீர்னு எங்க அண்ணன் வந்து கேட்டா, நீ எடுத்துக் குடுத்திருப்பியா?"

பொய் சொல்லப் பெரியநாயகிக்கு அன்று தெம்பில்லை.

"மாட்டேன், முத்தாயி."

"எனக்குத் தெரியும். நானும் குடுத்திருக்க மாட்டேன்." முத்தாயி முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எந்த மவராசி, சின்னப்புள்ளையில பாத்த மருமவளுக்கு... இனிமே ஒரு நல்லநாளு வந்தா அவ என்னத்தக் கட்டுவா?"

இருவரும் அழுதார்கள். நாத்தனாரும் அண்ணியும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுததை அந்த லயம் அதற்கு முன் பார்த்ததில்லை.

பந்தலிலிருந்து தம்புசாமி கூப்பிட்டான். நாலு மணிக்குள் பந்தலைப் பிரிக்க வேண்டும், இரண்டாம் பந்திக்கு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. முத்தாயி எழுந்து பெரியநாயகியின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வா, மோரு ஊத்தணும்," என்றாள்.